இழுப்புக்கு ஏற்காடா, இன்ஹேலரா?

அம்மாபேட்டை தறிக்காரர்:
பொண்ணுக்கு 12 வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிறா, நெஞ்சுல பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம். டாக்டர் தினமும் ரெண்டு வேளை பஃப் இழுக்கச் சொல்லிட்டார். எங்கம்மா, "அது பழகிரும்டா, ஏற்காட்டுல உன் தங்கச்சி வீட்டுல ரெண்டு மாசம் விடு"ங்கிறாங்க. என்ன பண்றதுங்க?

ஆடாதொடை:
அம்மா பேச்சைக் கேளுங்க. எங்க அப்பத்தா ஆடாதொடையும் திப்பிலியும் தட்டிப் போட்ட கஷாயத்துலயே காலத்தை ஓட்டினாங்க. பஃப் எல்லாம் ஸ்டீராய்டு. பிஞ்சு உடம்புங்க!

மருந்துக்கடைத் தம்பி:
ஸ்டீராய்டுதான்ணே, மறுக்கல. ஆனா ஒரு இழுப்புல 100, 200 மைக்ரோகிராம். வாயில போடற 5 மி.கி. ஸ்டீராய்டு மாத்திரைன்னா 5000 மைக்ரோகிராம். ஆடாதொடையையும் நான் குறை சொல்லல, அதுல இருக்கிற வாசிசின்ல இருந்துதான் புரோம்ஹெக்சின் சளி மருந்தே வந்துச்சு. சளி இளகும், மூச்சுக்குழாய்க்குள்ள வீக்கம் அப்படியேதான் இருக்கும். மூச்சு முட்டறப்ப உடனே அடிக்கிற நீல பஃப் மட்டும் அடிச்சாலும் இதே கதைதான். அதை மட்டும் தனியாக் கொடுக்க வேணாம்னு 2019லயே ஜினாங்கிற உலக ஆஸ்துமா அமைப்போட வழிகாட்டுதலை மாத்திட்டாங்க.

ஆடாதொடை:
அப்ப மிருகசீரிடத்துக்கு ஹைதராபாத் போய் இழுப்புக்கு மருந்து வச்ச விரால் குஞ்சு முழுங்கறவங்க எல்லாம் முட்டாளுங்களா?

மருந்துக்கடைத் தம்பி:
இழுப்பு தானா ஏறும், தானா இறங்கும்ணே. ஜூன்ல மீனை முழுங்கி ஆகஸ்ட்ல மூச்சு லேசாச்சுன்னா பேரு மீனுக்குத்தான்.

காபித்தோட்டத்து அக்கா:
மலைக்காத்துன்னதும் சிரிச்சிட்டேன். ஆடியில இங்க ஏற்காட்டுக்கு வந்து பாருங்க. பீரோவுல வச்ச பட்டுச்சேலையில பூசணம், செவத்துல கறுப்புத் திட்டு, கம்பளியை உதறினா வீடே தும்மும். சுவிட்சர்லாந்து டாவோஸுக்கு இழுப்புக்காரங்களை அனுப்புவாங்க. அதுவும் நம்மளை மாதிரி 1500 மீட்டர் சொச்சம் உயரம்தான். ஆனா அங்க காத்து காஞ்சது, தூசி உண்ணி பிழைக்காது. இங்க ஒரே ஈரம். என் மகன் கீழ சேலத்துக்குப் போனாத்தான் நிம்மதியாத் தூங்கறான். நடுராத்திரி முத்திப்போச்சுன்னா 20 கொண்டை ஊசி வளைவையும் பனிமூட்டத்துல இறங்கணும், அதையும் உங்கம்மாகிட்டச் சொல்லுங்க.

ஆடாதொடை:
சரி, மலை வேணாம். மருந்தையே பேசிட்டிருக்கீங்களே, பாப்பா எங்க படுக்குதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?

அம்மாபேட்டை தறிக்காரர்:
தறிக்கூடத்துலதாங்க. பாயில கை வச்சா பஞ்சு ஒட்டும்.

மருந்துக்கடைத் தம்பி:
அண்ணன் கேட்டது சரியான கேள்வி. முதல்ல படுக்கையை மாத்துங்க. பஃப்பை ஸ்பேசர், அதாவது பஃப்புக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டற குழாய், வச்சுத்தானே கொடுக்கறீங்க?

அம்மாபேட்டை தறிக்காரர்:
ஸ்பேசரா? நேரா வாய்க்குள்ள அடிக்கறோம். பாதி நாக்குலயே நின்னுருது, கசக்குதுன்னு துப்பிடறா.