இந்தக் கத்தியைச் செய்தவர் யார்? முத்திரையை நம்புவதா, ரசீதை நம்புவதா?

புதியவன்:
அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் கையால் செய்யப்பட்ட வேட்டைக் கத்தி ஒன்றை வாங்கினேன். பெயர்பெற்ற அமெரிக்கக் கைவினைஞர் ஒருவர் 1970களின் நடுவில் செய்தது என்று விற்றவர் சொன்னார். அலகு நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, பிடி மான்கொம்பு. பிடியை ஒட்டிய இடத்தில் பெயரும் ஊரும் ஆழமில்லாமல், அரித்தெடுத்ததுபோல் பதிந்துள்ளன. தோல் உறை ஒன்றும் 1976ஆம் ஆண்டுக் கையெழுத்து ரசீது ஒன்றும் உடன் வந்தன. ரசீதில் "நான்கு அங்குல வேட்டைக் கத்தி, கொம்புப் பிடி, உறையுடன்" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. இவற்றைக் கொண்டு இன்னார் செய்தது என்று உறுதியாகச் சொல்லலாமா?

சாணைக்கல்:
சொல்லலாம், ஆனால் முத்திரையையும் ரசீதையும் வைத்து அன்று, வேலைப்பாட்டை வைத்து. ஆயிரம் கத்திகளைச் சாணை பிடித்தவரின் கை ஒரே இடத்தில் அழுத்தும், ஒரே இடத்தில் தளரும். அந்தப் பழக்கத்தைப் போலி செய்பவன் எளிதில் பிடித்துவிட முடியாது. அலகின் சரிவு பிடியருகே வந்து நிற்கும் கோடுகளைப் பாருங்கள்: இருபுறமும் நேருக்கு நேர் நிற்கின்றனவா, அல்லது ஒன்று மயிரிழை முந்துகிறதா? அதே கைவினைஞரின் ஐயமற்ற கத்திகளோடு அதை ஒப்பிடுங்கள். ஜப்பானிய வாள்களை மதிப்பிடுவோர் இந்த வழியில்தான் செல்கிறார்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில் எவ்வளவு புகழ்பெற்ற பெயர் வெட்டப்பட்டிருந்தாலும், அலகின் வேலை அதற்கு ஒவ்வாவிட்டால் பெயரைத் தள்ளிவிடுகிறார்கள். 'கிமெய்', அதாவது பொய்க் கையொப்பம், என்று அதற்குத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்.

பழஞ்சுவடி:
சாணைக்கல் அவர்களின் ஒப்பீடு அழகாக இருக்கிறதே தவிர, இங்கே பொருந்தவில்லை. ஜப்பானிய வாளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொகுத்த சான்றுகள் உண்டு. அமெரிக்கத் தனிக் கைவினைஞர்களின் நிலை அப்படியன்று. பாப் லவ்லெஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். 1954இல் 'டெலவேர் மெய்ட்' என்ற முத்திரையுடன் தொடங்கிய அவர் 2010இல் மறைந்தார். இடையே லான்டேல், ரிவர்சைடு என்று ஊர் மாறியபோது முத்திரையும் மாறியது. சில காலம் பிறர் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அவருடைய வேட்டைக் கத்தி வடிவத்தை உலகெங்கும் எண்ணற்றோர் நேர்மையாகவே பின்பற்றினார்கள். அவர்களில் சிலருடைய சாணை வேலை மூலத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. இந்நிலையில் வேலைப்பாடு எந்தப் பாணியைச் சேர்ந்தது என்று சொல்லுமே ஒழிய, எந்தக் கை என்று சொல்லாது. செய்தவரிடமிருந்து இன்றைய உரிமையாளர் வரை கைமாறிய தொடர் எழுத்தில் இல்லையென்றால், "செய்தவர் தெரியவில்லை" என்று எழுதுவதே நேர்மை.

சாணைக்கல்:
அப்படியானால் உலகில் உள்ள நல்ல கத்திகளில் பெரும்பாலானவை அநாதைகளாகிவிடும். வேட்டைக்குப் போனவர் ரசீதையா பத்திரப்படுத்துவார்? மேலும், தாள் கத்தியோடு ஒட்டிப் பிறந்ததன்று. நான்கு அங்குலம், கொம்புப் பிடி என்ற ரசீது நூறு கத்திகளுக்குப் பொருந்தும். உண்மையான ரசீதைப் பொய்யான கத்தியோடு சேர்த்து விற்பதற்குத் திறமையே தேவையில்லை.

அரம்:
நான் கத்தி செய்பவன். தீர்ப்புச் சொல்ல வரவில்லை. முத்திரையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். உளியால் அடித்த முத்திரை வேறு, அரித்த முத்திரை வேறு. அடிப்பது எஃகு மென்மையாக இருக்கும்போது, அதாவது சூடேற்றிக் கடினப்படுத்துவதற்கு முன். அப்போது எழுத்தின் கரையில் உலோகம் சற்றே மேலெழும்பும். ராக்வெல் என்னும் கடினத்தன்மை அளவில் 60ஐ எட்டிய அலகில் உளி இறங்காது, இறக்க முயன்றால் அலகு பிளக்கக்கூடும். எனவே அடித்த முத்திரை பெரும்பாலும் கத்தியோடு பிறந்ததே. அரித்த முத்திரைக்கு அச்சுத்தாள், உப்புநீர்க் கரைசல், சிறிய மின்னோட்டம், சில நிமிடங்கள் போதும். முடித்து நாற்பது ஆண்டுகள் ஆன கத்தியிலும் அதைப் போடலாம். காலத்தைப் பற்றி அது தானாக எதையும் சொல்லாது.

ஆனால் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் விஷயங்கள் உண்டு. அமெரிக்க அலகுக் கொல்லர் சங்கம் 1976இல்தான் தோன்றியது. ஆகவே அச்சங்கத்தின் தேர்ச்சியைக் குறிக்கும் 'ஜேஎஸ்', 'எம்எஸ்' எழுத்துகள் இருக்கும் கத்தியை 1970இல் செய்தது என்று எவரும் விற்க முடியாது. எஸ்30வி எஃகு 2001இல் வந்தது. அதில் செய்த அலகு 1970களினதாக இருக்க முடியாது. அந்த எஃகில் ஏறத்தாழ 4 விழுக்காடு வனேடியம் என்ற உலோகம் இருக்கும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வைத்திருக்கும் பழைய உலோக வணிகர் எவரும் அலகுக்குச் சேதமின்றி அதை அளந்து தருவார். பிடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். கொம்பு உடைந்தால் சான்றும் போகும், கத்தியும் போகும்.

பழஞ்சுவடி:
அரம் சொல்வதை ஏற்கிறேன். கவனியுங்கள், இவை எல்லாமே மறுக்க உதவும் சான்றுகள். ஒன்றை நிலைநாட்ட இவற்றால் ஆகாது.

புதியவன்:
அளந்து வந்தேன். குரோமியம் 14, மாலிப்டினம் 4 விழுக்காடு. வனேடியம் இல்லை என்றே சொல்லலாம். உறையையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வாய்ப்பகுதியின் உட்புறத்தில், அலகுக்கும் பிடிக்கும் நடுவே இருக்கும் கைக்காப்பு அழுந்தி அழுந்தி உண்டான கருத்த பள்ளம் ஒன்று இருக்கிறது. என் கத்தியை முழுவதும் செருகினால் அதன் காப்பு அந்தப் பள்ளத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிடுகிறது.

இன்னொன்று. முத்திரையின் குறுக்கே நீளமான மெல்லிய கீறல் ஒன்று ஓடுகிறது. எழுத்துகளுக்கு இடையே தெளிவாகத் தெரியும் அக்கீறல், எழுத்துகளின் பள்ளத்துக்குள் இல்லை.

பழஞ்சுவடி:
தீர்ந்தது. கீறல் முதலில் விழுந்திருக்கிறது. பின்னர் எவரோ முத்திரையை அரித்தபோது எழுத்து இருக்கும் இடத்தில் கீறலும் கரைந்துவிட்டது. கத்தி பயன்பாட்டில் இருந்த பிறகு போடப்பட்ட முத்திரை. உறையும் வேறு கத்தியுடையது.

சாணைக்கல்:
உறையைப் பற்றி மறுப்பில்லை. முத்திரையைப் பற்றி அவசரப்படுகிறீர்கள். முத்திரை இல்லாமல் நண்பருக்குக் கொடுத்த கத்தியைச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பெற்று முத்திரையிட்டுத் தரும் கைவினைஞர்கள் உண்டு.

பழஞ்சுவடி:
அப்படித் திரும்ப வந்த அலகில் கீறலை அப்படியே விட்டுவிட்டு அதன் மேலேயா தம் பெயரைப் போடுவார்? எந்தக் கைவினைஞரும் முதலில் மெருகேற்றுவார்.

அரம்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். பள்ளத்துக்குள் கீறல் இல்லை என்பது இரு வழியிலும் நடக்கும். முத்திரை முதலில் இருந்து, பின்னர் மணலோ ஆணியோ உரசிச் சென்றாலும், அது பள்ளத்தின் அடியைத் தொடாமல் கரையிலிருந்து கரைக்குத் தாவிவிடும். எனவே அடியைப் பார்த்துப் பயனில்லை, கரையைப் பார்க்க வேண்டும். கீறல் பழையதென்றால், அரிப்பு அதைச் சுத்தமாக வெட்டியிருக்கும். கீறல் புதியதென்றால், உரசிய பொருள் கரையில் இருந்த உலோகத்தைத் தான் போகும் திசையில் தள்ளியிருக்கும். ஒரு கரை நைந்து, பள்ளத்தை நோக்கி நுண்ணிய நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். இருபது மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி போதும். விளக்கைப் பக்கவாட்டில், மிகத் தாழ்வாகப் பிடியுங்கள்.

புதியவன்:
பார்த்தேன். மூன்று எழுத்துகளில் ஒரே பக்கத்துக் கரை மட்டும் நைந்திருக்கிறது. அவற்றுள் ஒன்றில் நீங்கள் சொன்ன நாக்கு தெளிவாகத் தெரிகிறது. எதிர்க்கரை கூர்மையாகவே உள்ளது. ஒளிப்படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.

பழஞ்சுவடி:
படத்தைப் பார்த்தேன். என் முடிவு தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முத்திரை கீறலுக்கு முந்தியது. ஆயினும் அந்தக் கீறல் விழுந்தது 1977ஆ, 2015ஆ என்று எவருக்குத் தெரியும்?

சாணைக்கல்:
தெரியாதுதான். ஆனால் எஃகு பொருந்துகிறது. இதே அளவில் குரோமியமும் மாலிப்டினமும் கொண்ட 154சிஎம் எஃகுதான் அந்தக் காலத்தில் புதுமை.

அரம்:
அதே குரோமியமும் அதே மாலிப்டினமும் பின்னர் ஜப்பானிலிருந்து வந்த ஏடிஎஸ்-34 எஃகிலும் உண்டு. அந்தக் கருவி இரண்டையும் பிரித்துச் சொல்லாது. கரியின் அளவையும் அது காட்டாது. கத்திகளுக்குப் பயன்படும் மற்றோர் எஃகான 440சி அன்று என்று மட்டும் சொல்லலாம். அதில் மாலிப்டினம் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது.

சாணைக்கல்:
சரிவுக் கோடுகளின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த அதே கைவினைஞரின் இரண்டு கத்திகளில் வலப்பக்கக் கோடு சற்று முந்தி நின்றது, இதிலும் அப்படியே. என் மனத்தளவில் இது அவருடையதுதான். இரண்டே கத்திகளை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் சேர்த்தே பதிவு செய்துகொள்ளுங்கள்.

புதியவன்:
கத்தியோடு வைக்கும் குறிப்பை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: "முத்திரையில் உள்ள கைவினைஞருக்கு உரியதாகக் கருதப்படுகிறது. முத்திரை அரிப்பு முறை. பயன்பாட்டுக் கீறலுக்கு முந்தியது. எஃகு 154சிஎம் அல்லது ஏடிஎஸ்-34. ரசீது 1976ஆம் ஆண்டினது. இக்கத்திக்கே உரியது என்பதற்குச் சான்று இல்லை. உறை வேறு கத்தியினுடையது." தோலில் இருக்கும் பதனிடு பொருள் அலகைக் கறைப்படுத்தும் என்பதால் உறையைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

பழஞ்சுவடி:
"கருதப்படுகிறது" என்றால் யாரால்? அந்த இடத்தில் சாணைக்கல் அவர்களின் பெயரையும், அவர் ஒப்பிட்ட இரண்டு கத்திகளையும், இன்றைய தேதியையும் எழுதுங்கள்.