ராட்டினம் ஏற வயது போய்விட்டதா?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 61. விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் பண்டாரகமப் பக்கம் நீர்ச்சறுக்குக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எனக்கோ ஊஞ்சல் ஆடினாலே தலை சுற்றுகிறது. உட்காதில் சமநிலையைக் காக்கும் பகுதி வயதோடு தளர்வதால்தான் இப்படி என்கிறார் வைத்தியர். போதாததற்கு இரத்த அழுத்தக் குளிசை வேறு.

ஆனாலும் கீழே உட்கார்ந்து கைப்பைகளுக்குக் காவல் இருக்க மாட்டேன்! கொழும்பைச் சுற்றி, சுழலாத, குலுக்காத, ஆனால் பிள்ளைகளும் முகம் சுளிக்காத இடம் எது? தெகிவளை மிருகக்காட்சிசாலை பார்த்து முடிந்தது. தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர் உயரமாம்; தலைசுற்று உள்ளவர்கள் யாராவது லிப்டில் ஏறியிருக்கிறீர்களா? முதியோருக்கு டிக்கெட்டில் சலுகை உண்டா?