குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு: அம்மாவின் அறையைக் குளிரவிடாமல் எங்கே குறைக்கலாம்?

வடலி (ஹரோ, இலண்டன்):

அனைவருக்கும் வணக்கம். ஹரோவில் 1930களில் கட்டப்பட்ட இரட்டை வீடொன்றின் ஒரு பாதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கணவர், நான்கு வயது மகன், 81 வயதான என் அம்மா, நான் என வீட்டில் நால்வர். குழாய் வெந்நீருக்கும் அறைகளில் உள்ள ரேடியேற்றர்களுக்கும் எரிவாயுவில் இயங்கும் ஒரே கொம்பி பொயிலர்தான். கடந்த ஆண்டு மாதம் 145 பவுணாக இருந்த எங்கள் மின்சார, எரிவாயுக் கட்டணம் இந்தக் கார்த்திகையில் 210 பவுணாக உயர்ந்துவிட்டது. 2025 ஒக்டோபரில் எரிசக்தி விலைக்கான கட்டண மேல்வரம்பு ஏறத்தாழ 2 வீதம் மட்டுமே கூடியது என்று செய்தியில் கேட்டேன். அப்படியானால் இந்த 65 பவுண் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது இந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டார். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் அவர்தான். அவருடைய அறையில் ரேடியேற்றர் போதவில்லை என்பதால் சென்ற மாதம் மின்சார ஹீற்றர் ஒன்று வாங்கி வைத்தேன். கட்டணக் கடிதத்தைப் பற்றி நானும் கணவரும் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டாரோ தெரியவில்லை, நாங்கள் வேலைக்குப் போனதும் அதை நிறுத்திவிட்டு, இரண்டு கம்பளிச் சட்டைகளைப் போட்டுச் சால்வையால் போர்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். போன வியாழக்கிழமை மாலை அவருடைய கையைத் தொட்டபோது பனிக்கட்டிபோல் இருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பொயிலரை நாள் முழுவதும் குறைந்த சூட்டில் எரியவிடுவது சிக்கனமா, தேவையான நேரத்தில் மட்டும் எரிப்பது சிக்கனமா? எண்ணெய் நிரப்பிய ஹீற்றர் மலிவு என்கிறார்களே, அது உண்மையா? வீடு எங்களுடையது அன்று என்பதால் பெரிய வேலை எதையும் செய்ய முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

தணல் (குரொய்டன்):

சகோதரிக்கு வணக்கம். பதினேழு ஆண்டுகளாகப் பொயிலர் பொருத்துவதும் திருத்துவதுமே என் தொழில். ஆனாலும் உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த மின்சார ஹீற்றர்தான். 2025 ஒக்டோபர் விலையில் எரிவாயு அலகு (கிலோவாற் மணி) ஒன்று ஏறத்தாழ 6 பென்ஸ், மின்சார அலகு ஒன்று ஏறத்தாழ 26 பென்ஸ். 2 கிலோவாற் ஹீற்றர் எட்டு மணி நேரம் இடைவிடாது எரிந்தால் 16 அலகு, அதாவது நாளொன்றுக்கு 4 பவுணுக்கு மேல், மாதத்தில் 130 பவுண் வரை. அறை சூடானதும் அது நின்று நின்று எரிவதால் உண்மையான செலவு இதைவிடக் குறைவாக இருக்கும் என்றாலும், அதைத் தொடர்ந்து பாவித்தால் இனி வரும் கட்டணம் இன்னும் கூடும். அதே வெப்பத்தைப் பொயிலரிலிருந்து பெறுவதற்கு, அதில் வீணாவதையும் சேர்த்து, 18 அல்லது 19 அலகு எரிவாயு போதும். செலவு ஒரு பவுணைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எண்ணெய் நிரப்பியதானாலும் விசிறி பொருத்தியதானாலும் மின்சார ஹீற்றர் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பத்தையே தரும். எண்ணெய் உள்ளது ஆற நேரமெடுக்கும் என்பதைத் தவிர அதில் மலிவு எதுவும் இல்லை.

ஆகவே அம்மாவின் அறையில் ரேடியேற்றர் ஏன் போதவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொயிலர் எரியும்போது அதன் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். மேலே குளிர்ந்தும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. பொயிலரை நிறுத்தி, ரேடியேற்றர் ஆறிய பின், அதற்கென்று கடையில் கிடைக்கும் சிறு சாவியால் மேல்மூலையில் உள்ள திருகைக் கால் சுற்றுத் திறந்தால் சீறிக்கொண்டு காற்று வெளியேறும்; நீர் கசியத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். பின்னர் பொயிலரின் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் வரை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடிப்புறம் குளிர்ந்திருந்தால் உள்ளே சேறு படிந்திருக்கக்கூடும். அதைச் சுத்தம் செய்விப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. திரைச்சீலை ரேடியேற்றரை மூடித் தொங்குவதும், கட்டில் அதனோடு ஒட்டி நிற்பதும் பல வீடுகளில் நான் காணும் தவறுகள்.

அடுத்தது, அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ராற் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அது வாசல் நடையில் இருக்கும். நடை சூடானதும் பொயிலர் நின்றுவிடும், மூலை அறையில் இருப்பவரோ குளிரில் நடுங்குவார். கம்பியில்லாத் தெர்மோஸ்ராற்றாக இருந்தால் அதைப் பகலில் அம்மாவின் அறைக்கே கொண்டுபோய் 20 அல்லது 21 பாகையில் வையுங்கள். அந்த அறையின் ரேடியேற்றர் வால்வை மட்டும் முழுமையாகத் திறந்து விடுங்கள். மற்ற அறைகளின் வால்வுகளை 2இல் வைக்கலாம், முற்றாக மூட வேண்டாம். வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முதியவர்களுக்கு அதற்குச் சற்று மேலே இருப்பது நல்லது. நாள் முழுவதும் எரிப்பதா என்ற கேள்விக்கு, வெளியேறும் வெப்பம் உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், ஆளில்லாத வீட்டில் தேவையான நேரத்தில் மட்டும் எரிப்பதே சிக்கனம். உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார். அவர் இருக்கும் அறை ஆறக் கூடாது.

உண்மையான சேமிப்பு பொயிலரிலிருந்து ரேடியேற்றருக்குப் போகும் நீரின் சூட்டைக் குறைப்பதில் இருக்கிறது. பல வீடுகளில் அது 75 அல்லது 80 பாகையிலேயே விடப்பட்டிருக்கிறது. இன்றைய பொயிலர்கள், திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருக்கும்போதுதான் புகையில் உள்ள நீராவியை ஒடுக்கி அதன் வெப்பத்தையும் மீட்டெடுக்கும்; நீர் அதைவிடச் சூடாகத் திரும்பினால் அந்த வெப்பம் புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். கொம்பி பொயிலரில் குழாய்ப் படம் ஒன்றும் ரேடியேற்றர்ப் படம் ஒன்றுமாக இரண்டு திருகுகள் இருக்கும். ரேடியேற்றருக்கு உரியதை 60க்குக் குறையுங்கள். 2022இல் அரசும் இதையே மக்களுக்கு அறிவுறுத்தியது. அறை சூடாகக் கூடுதல் நேரம் எடுக்கும், எனவே காலையில் முன்கூட்டியே எரியத் தொடங்குமாறு நேரத்தை மாற்றுங்கள். வெந்நீர்த் தாங்கி வைத்திருப்போர் இதை வாசித்தால், தாங்கியில் உள்ள நீரை 60 பாகைக்குக் கீழே விட வேண்டாம், லெஜியனெல்லா என்ற கிருமி அதில் பெருகும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. குளிருக்காகச் சமையலறை எரிவாயு அடுப்பின் சூட்டுப்பெட்டியை (oven) எரியவிட்டுத் திறந்து வைப்பதையும், வீட்டுக்குள் கரி மூட்டுவதையும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அவற்றிலிருந்து வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு மணமும் நிறமும் கிடையாது.

முல்லை (லெஸ்டர்):

தணல் அவர்கள் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த எங்களுக்கு முதல் இரண்டு குளிர்காலங்களில் ஈரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. செலவைக் குறைப்பதாக எண்ணி ஒரு படுக்கையறையின் ரேடியேட்டரை முழுவதும் மூடி, அதே அறையில் துணிகளையும் காயப்போட்டோம். பிப்ரவரியில் அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்சுவர் முழுவதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. மகளுக்கு இருமல் நிற்காததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஒருமுறை துவைத்த துணிகள் உலரும்போது ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் அறைக் காற்றில் கலக்கிறது. நாம் சோறு வடிப்பதும், இட்லியும் புட்டும் அவிப்பதும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. ஆகவே சமைக்கும்போது காற்றுவெளியேற்றியை ஓடவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி வையுங்கள். காலையில் எழுந்ததும் பத்து நிமிடங்கள் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தால் ஈரக்காற்று வெளியேறிவிடும், சுவர்கள் அதற்குள் ஆறிவிடுவதில்லை. நாங்கள் பின்னர் ஈரமுறிஞ்சும் கருவி ஒன்றை வாங்கினோம். 200 வாட் அளவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் அது, கதவடைத்த சிறிய அறையில் ஓரிரவுக்குள் துணிகளை உலர்த்திவிடுகிறது.

அம்மாவுக்கு மின்சாரப் போர்வை ஒன்று வாங்கித் தாருங்கள். 100 வாட் அளவுள்ள போர்வைக்கு மணிக்கு மூன்று பென்சுக்கும் குறைவாகவே ஆகும். ஆனால் நீரிழிவால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை உணராமல் புண்பட்டுவிடக்கூடும். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குவதே சரி. பழைய வீடென்றால் பயன்படுத்தாத கணப்படுப்பின் புகைபோக்கி வழியாகவும் சூடு போகும், அதை அடைக்கும் கம்பளி உருண்டை கடைகளில் கிடைக்கிறது. சுவரில் உள்ள காற்றுத் துவாரங்களை மட்டும் அடைக்காதீர்கள்.

ஊன்றுகோல் (ஈஸ்ற் ஹாம்):

கட்டணக் கடிதங்களோடு வருபவர்களுக்கு வாரம் ஒருநாள் தொண்டராக உதவி வருகிறேன். மேல்வரம்பு என்ற சொல்லே பலரைக் குழப்புகிறது. எரிசக்தித் துறையை ஒழுங்குபடுத்தும் ஒவ்ஜெம் வரையறுப்பது ஓர் அலகின் விலையையும், எரித்தாலும் எரிக்காவிட்டாலும் அறவிடப்படும் நாளாந்த நிலைக்கட்டணத்தையும்தான். 2025 ஒக்டோபரில் செய்திகளில் வந்த 1,755 பவுண் என்பது சராசரி அளவு பாவிக்கும் வீட்டின் ஆண்டுச் செலவே அன்றி, அதற்கு மேல் யாரும் செலுத்த வேண்டியதில்லை என்ற பொருளில் அன்று. கூடுதலாக எரித்தால் கூடுதலாகச் செலுத்த வேண்டும். 2021 ஒக்டோபரில் இதே கணக்கு 1,277 பவுணாக இருந்தது என்பதை நினைக்கும்போது, குடும்பங்கள் எவ்வளவு பாரத்தைச் சுமக்கின்றன என்று மனம் கனக்கிறது.

சகோதரி, வங்கியிலிருந்து மாதாமாதம் எடுக்கப்படும் தொகை நீங்கள் உண்மையில் பாவித்த அளவு அன்று, வழங்குநரின் மதிப்பீடு. கடிதத்தில் மீற்றர் எண்ணுக்கு அருகே "மதிப்பீடு" என்று இருந்தால், இன்றே மீற்றரைப் படமெடுத்து உண்மையான எண்ணை அனுப்பி, தொகையை எவ்வாறு கணித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முறைப்பாடு செய்து எட்டு வாரங்களில் தீராவிட்டால் முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகக் கொண்டு செல்லலாம். வழங்குநரின் தவறால் கணக்கில் வராமல் போன பாவனைக்கு, பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தியதற்கு, அவர்கள் பணம் கேட்க முடியாது.

இனி அம்மாவைப் பற்றி. குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு 80 வயதைக் கடந்தவருக்கு 300 பவுண் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 35,000 பவுணைத் தாண்டாதவரை அது திருப்பி அறவிடப்படாது. அரச ஓய்வூதியம் பெறுவோருக்கு இது தானாகவே வந்துவிடும். பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த நம் அம்மாமார் பலருக்கோ இங்கே ஓய்வூதியமே இல்லை என்பதால் தானாக வராது. விண்ணப்பிக்க வேண்டும், 2025-26 குளிர்காலத்துக்கான இறுதி நாள் 2026 மார்ச் 31. அவருக்கென்று வருமானம் இல்லையென்றால், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான பென்சன் கிரெடிற் என்ற உதவித்தொகைக்கும் தகுதி உண்டா என்று பாருங்கள். உங்களோடு வசிக்கிறார் என்பதற்காக உங்கள் சம்பளத்தை அதில் கணக்கெடுக்க மாட்டார்கள். ஆனால் குளிர்காலத்தில் மின்கட்டணத்தில் தரப்படும் 150 பவுண் கழிவு (Warm Home Discount), கட்டணக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்கோ அவருடைய துணைவருக்கோ உரிய உதவித்தொகை இருந்தால்தான் கிடைக்கும். அம்மாவுக்குப் பென்சன் கிரெடிற் கிடைத்தாலும் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அது வராது. இதை அறியாமல் மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதியவரும் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையும் உள்ள வீடு என்பதால், கூடுதல் உதவி தேவைப்படுவோருக்காக வழங்குநர் வைத்திருக்கும் முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

வடலி (ஹரோ, இலண்டன்):

உங்கள் மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அம்மாவின் ரேடியேற்றரில் மேல்பாதி முழுவதும் குளிர்ந்துதான் இருந்தது. நேற்றுக் கணவர் சாவி வாங்கி வந்து திருகைத் திறந்தபோது ஒரு நிமிடத்துக்கு மேல் காற்று வந்தது. இப்போது முழுவதும் சூடாகிறது. மின்சார ஹீற்றரை எடுத்து வைத்துவிட்டோம். பொயிலர் 78இல் இருந்தது, 60க்குக் குறைத்திருக்கிறேன். கடிதத்தில் உள்ள மீற்றர் எண்ணும் மதிப்பீடுதான். உண்மையான எண்ணை அனுப்பியிருக்கிறேன். எரிபொருள் கொடுப்பனவு தன் பெயரிலேயே வரக்கூடும் என்று சொன்னபோது அம்மாவின் முகத்தில் வந்த ஆறுதலை எழுத்தில் சொல்ல முடியவில்லை. விண்ணப்பப் படிவத்தைத் தானே கையொப்பமிட்டுத் தருவதாகக் கூறினார்.

ஒரு சந்தேகம் மட்டும். காற்றை வெளியேற்றிய பின் அழுத்தமானி 0.8க்கு இறங்கியிருக்கிறது. நாங்களே ஏற்றலாமா?

தணல் (குரொய்டன்):

ஏற்றலாம். பொயிலரை நிறுத்தி ஆறவிட்டு, அதன் அடியில் உள்ள நிரப்பு வால்வை மெதுவாகத் திறந்து, முள் 1.2க்கு வந்ததும் இறுக மூடிவிடுங்கள். சில பொயிலர்களில் அதற்கென்று ஒரு சாவியோ வளைகுழாயோ இருக்கும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் மீண்டும் இறங்கினால் எங்கோ நீர் கசிகிறது என்று பொருள், அப்போது உரிமையாளருக்கு எழுதுங்கள். ஆண்டுதோறும் அவர் செய்விக்க வேண்டிய எரிவாயுப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு வருபவரிடம் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லலாம்.