மைஎஸ்கியூஎல்லில் ஓடிய பக்கம் போஸ்ட்கிரெஸில் 11 நொடி இழுக்கிறது

கேள்வி:
ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு லாராவெல்லில் (வெப் மென்பொருள் எழுத உதவும் பிஎச்பி ஃபிரேம்வொர்க்) பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். போன மாதம் டேட்டாபேஸை மைஎஸ்கியூஎல்லில் இருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றினேன், கோடில் பெரிதாக எதையும் தொடவில்லை. ஆனால் ஒரு நொடியில் வந்துகொண்டிருந்த 'இன்றைய பில்கள்' பக்கம் இப்போது 11 நொடி எடுக்கிறது. பக்கத்துக்கு 50 பில், ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் சரக்குகள், அவ்வளவுதான். பில் டேபிளில் 12 லட்சம் வரிகள் (ரோ), பில் ஐட்டம் டேபிளில் 60 லட்சம். கவுண்டரில் ஆட்களை நிறுத்தி வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ரேம் ஏற்றலாமா, ரெடிஸில் கேஷ் செய்யலாமா (ஒருமுறை எடுத்ததை மெமரியில் வைத்துத் திரும்பக் காட்டலாமா)?

பதில் 1:
ரேமுக்குக் காசு போடாதீர்கள். கேஷும் வேண்டாம், இப்போது போட்ட பில் இப்போதே தெரிய வேண்டிய பக்கம் அது. முதலில் டேட்டாபேஸுக்கு எத்தனை குவெரி (கேள்வி) போகிறது என்று லாராவெல்லின் டீபக்பார் கருவியில் பாருங்கள், அப்புறம் மெதுவான குவெரி ஒன்றுக்கு முன்னால், அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் சேர்த்து ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள். அது குவெரியை நிஜமாகவே ஓட்டும் என்பதால் அப்டேட், டெலீட்டுக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
52 குவெரி! அதில் 50 ஒரே மாதிரி, பில் ஐடி மட்டும் மாறுகிறது, ஒவ்வொன்றும் சுமார் 200 மில்லி செகண்ட். பில் ஐட்டம் மேல் சீக்வென்ஷியல் ஸ்கேன், அதாவது டேபிள் முழுவதையும் வரிசையாகப் படிப்பது, என்று காட்டுகிறது. ஆனால் பில் ஐடிக்கு ஃபாரின் கீ (பில் டேபிளோடு இணைக்கும் விதி) இருக்கிறதே, டேபிள் அமைப்பை எழுதும் மைக்ரேஷன் ஃபைலில் நானே எழுதினேன்.

பதில் 1:
சிக்கல் அங்கேதான். ஃபாரின் கீ எழுதினால் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி அதற்கான இண்டெக்ஸையும் (புத்தகத்தின் பின்னிணைப்பு அட்டவணை மாதிரி, வரியைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவுவது) தானே போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் போடாது, பிரைமரி கீ, யூனிக் போன்றவற்றுக்கு மட்டும்தான் போடும். அதனால் ஒரு பில்லின் நாலைந்து வரிகளை எடுக்க 60 லட்சத்தையும் படிக்கிறது, அதை 50 தடவை செய்கிறது. பில் ஐடி மேல் இண்டெக்ஸ் போடுங்கள். அதோடு லாராவெல்லின் 'வித்' சேர்த்து 50 பில்லின் ஐட்டங்களையும் ஒரே குவெரியில் வாங்கிவிடுங்கள். மற்ற ஃபாரின் கீகளையும் பாருங்கள், ஒரு பில்லை டெலீட் செய்தாலும் அதைச் சுட்டும் வரி இருக்கிறதா என்று இதே ஸ்கேன்தான் நடக்கும்.

பதில் 2:
இன்றைய பில்களை எடுக்கத் தேதிக்கு லாராவெல்லின் 'வேர்டேட்' போட்டிருக்கிறீர்களா? அது நேரம் இருக்கும் நெடுவரிசையின் (காலம்) மேல் ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு ஒப்பிடுகிறது, சாதாரண இண்டெக்ஸ் உதவாது. இன்று 0 மணி முதல், நாளை 0 மணிக்கு முன் என்று வீச்சாக எழுதுங்கள். கிளை வாரியாகப் பார்ப்பதென்றால் கிளை ஐடி முதலிலும் நேரம் இரண்டாவதாகவும் வரும்படி ஒரே இண்டெக்ஸ் போடுங்கள், இந்த வரிசை முக்கியம்.

பதில் 3:
கடை நேரத்தில் சும்மா கிரியேட் இண்டெக்ஸ் ஓட்டினால் அது முடியும்வரை அந்த டேபிளில் எழுத முடியாது, பில்லிங் நின்றுவிடும். எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸ் போட, அதோடு கன்கரண்ட்லி என்ற சொல்லைச் சேருங்கள். அது, முழுதாக முடியும் அல்லது ஒன்றுமே ஆகாது என்ற கட்டான டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓடாது, லாராவெல்லோ போஸ்ட்கிரெஸ் மைக்ரேஷனை டிரான்ஸாக்‌ஷனில்தான் ஓட்டும், அந்த மைக்ரேஷனில் மட்டும் அதை அணைத்துவிடுங்கள். நடுவில் நின்றுபோனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிச்சமிருக்கும், அதை டிராப் செய்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

கேட்டவர்:
ராத்திரி கடை மூடிய பிறகு மூன்றையும் செய்தேன். இப்போது 3 குவெரி, பக்கம் கால் நொடிக்குள் வருகிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தேடியதில் இண்டெக்ஸ் இல்லாத ஃபாரின் கீ இன்னும் 7 கிடைத்தது. சரக்கு ரிட்டர்ன் பக்கம் ஏன் அப்படி இழுத்தது என்பதும் இப்போது புரிகிறது, அதை நாளை ராத்திரி எடுக்கிறேன்.