தமிழும் கலந்த ஆய்வேட்டுக்கு எந்த லேடெக் எடிட்டர்?

ஆய்வேட்டை லேடெக்கில் (கட்டளைகள் எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் மென்பொருள்) எழுதுகிறேன். அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். லேப்டாப்பில் 4 ஜிபி ராம், விண்டோஸ் 10, லேடெக்குக்கான டெக் லைவ் தொகுப்பு. தமிழ் மேற்கோள்கள் நிறைய இருப்பதால் கோப்பை பிடிஎஃப் ஆக்க பிடிஎஃப்லேடெக் உதவாது, யூனிகோட் எழுத்துருக்களைக் கையாளும் ஸீலேடெக்தான்.

முதலில் இணையத்தில் இயங்கும் ஒரு எடிட்டர். அத்தியாயங்கள் கூடியதும், கம்பைல் (கோப்பை பிடிஎஃப் ஆக்குவது) முடிவதற்குள் நேர வரம்பு வந்து நின்றுவிடுகிறது. அப்புறம் லேப்டாப்பிலேயே வேறொன்றை நிறுவினேன். இன்க்ளூட்ஒன்லி கட்டளையால் ஒவ்வொரு அத்தியாயமாக கம்பைல் செய்கிறேன், வேகம் பரவாயில்லை. ஆனால் தமிழ் வரிகளில் கர்சர் நிற்பது ஓரிடம், எழுத்து விழுவது வேறிடம். எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றியும் சரியாகவில்லை. மேற்கோளில் ஒரு புள்ளி தவறினாலும் பொருள் மாறிவிடும், அதனால் இதை விட்டுவிட முடியாது.

டெக்ஸ்டூடியோ, அல்லது விஎஸ் கோட் எடிட்டரில் நீட்சியாகச் சேர்க்கும் லேடெக் வொர்க்‌ஷாப்: 4 ஜிபி ராமில், தமிழ் வரிகளில் கர்சர் பிசகாமல் ஓடுவது எது?