மான்ட்கோமரியில் ஒரு பகல்: எதைப் பார்ப்பது?

கேள்வி:
அடுத்த மாதம் வேலையாக அலபாமா போகிறேன். மான்ட்கோமரியில் ஒரு பகல் முழுக்கச் சும்மா இருக்கும். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதான ஊர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மியூசியம் மியூசியமாக ஏறி இறங்கவும் பொறுமை இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
அதே அலபாமாவில், ஹன்ட்ஸ்வில்லில் நாலு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்: டெக்ஸ்டர் அவென்யூவில் நடங்கள், போதும். கீழ்முனையில் கோர்ட் ஸ்கொயர். ஒரு காலத்தில் மனிதர்களை ஏலம் போட்ட இடம். வடக்கத்திப் படை வைத்திருந்த சம்டர் கோட்டையைத் தாக்கச் சொல்லி 1861 ஏப்ரலில் தந்தி போனது அங்கிருக்கும் வின்டர் கட்டடத்திலிருந்து. அமெரிக்க உள்நாட்டுப் போரே அதில்தான் ஆரம்பித்தது. 1955 டிசம்பர் 1 மாலை ரோசா பார்க்ஸ் பஸ் ஏறியதும் அதே சதுக்கத்தில்தான்.

அப்புறம் ஏற்றம். மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த செங்கல் சர்ச் வரும். அதைத் தாண்டினால் சட்டமன்ற மாளிகை. 1861 பிப்ரவரியில் ஜெஃபர்சன் டேவிஸ் பிரிந்துபோன தென்மாநிலங்களின் அதிபராகப் பதவியேற்றது அதன் வாசலில். 1965 மார்ச் 25 அன்று, கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை கேட்டு செல்மா ஊரிலிருந்து 54 மைல் வந்த ஊர்வலத்திடம் கிங் பேசியதும் அந்த வாசலுக்கு முன்னால். நடுவில் 104 வருஷம். முதல் தடவை போனபோது இதெல்லாம் தெரியாமல் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தேன்.

பதில் 2:
கிளாடெட் கால்வினை விட்டுவிட்டீர்களே? ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, இதே ஊர் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்துக் கைதானவர். வயது 15. பஸ்ஸில் இனப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வாங்கிய வழக்கில் ரோசா வாதி இல்லை, கிளாடெட் வாதி.

பதில் 1:
சரிதான், என் தப்பு.

பதில் 3:
கார் இருந்தால் தெற்கே என்டர்பிரைஸ் ஊருக்கும் போங்கள். பருத்தியை நாசமாக்கிய கூன்வண்டுக்கு 1919-இல் சிலை வைத்த ஊர்! பருத்தி போனதால் வேர்க்கடலைக்கு மாறி, காசு பார்த்தார்களாம். வேடிக்கை என்னவென்றால், முதலில் கைகளை உயர்த்திய பெண் சிலை மட்டும்தான். வண்டை மேலே ஏற்றியது 30 வருஷம் கழித்து.

கேள்வி கேட்டவர்:
கார் இருக்கிறது. காலையில் நடை, மதியம் வண்டு.

பதில் 1:
நல்ல ஷூ போடுங்கள். மாளிகை இருக்கும் மேட்டுக்குப் பெயரே ஆட்டுக் குன்று.