பார்சல் வேண்டாம், நீங்களே வாருங்கள்

குழு: நம்ம வீடு (8 பேர்)

வியாழக்கிழமை

நான், இரவு 8:14
சனிக்கிழமை சந்தைக்கு யார் யார் வருகிறீர்கள்? அந்தப் பர்கர் ஸ்டால் இந்த வாரமும் போடுகிறார்களாம். காலை 11 மணிக்குத் திறப்பு.

தம்பி, 8:15
நான் வருகிறேன். எனக்கு இரண்டு.

அம்மா, 8:21
போன வாரம் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றாய். மறுபடியுமா?

நான், 8:22
50 நிமிடம்தான் அம்மா. நின்றதற்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

பெரியம்மா, 8:30
போய்விட்டு வாருங்கள் கண்ணு. எனக்கு ஒன்று பார்சல் வாங்கி வந்தால் போதும். போன வாரம் கொண்டு வந்தது நன்றாகத்தான் இருந்தது.

நான், 8:34
பெரியம்மா, அது நன்றாக இல்லை. அதில் நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். பன் ஊறிப்போய், கீரை வதங்கி, பாலாடைக்கட்டி இறுகிக் கிடந்தது. என் மனம் நோகக் கூடாது என்று முழுவதையும் சாப்பிட்டீர்கள். அன்று இரவு முழுக்க அதுதான் மனதில் இருந்தது. அங்கே நான் சாப்பிட்டது வேறு, உங்கள் கையில் கொடுத்தது வேறு.

பெரியம்மா, 8:36
ஒரே கடையில் வாங்கியதுதானே, எப்படி வேறாகும்?

தம்பி, 8:41
நான் சொல்கிறேன் பெரியம்மா. அவர்கள் பாட்டியைச் சூடான கல்லில் வைத்து நன்றாக அழுத்துவார்கள்.

பெரியம்மா, 8:41
யாரை?

தம்பி, 8:42
ஐயோ, பேட்டி! கொத்திய இறைச்சியைத் தட்டிச் செய்வது.

அக்கா, 8:43
இனிமேல் கறிவட்டம் என்றே எழுது. குட்டி பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறாள், பயந்துவிட்டாள்.

தம்பி, 8:49
சரி, கறிவட்டம். முதலில் 60 முதல் 85 கிராம் வரை ஒரு சின்ன உருண்டை. 200 டிகிரிக்கு மேல் காய்ந்த இரும்புக் கல்லில் வைத்து, முதல் அரை நிமிடத்துக்குள் ஒரே அழுத்து. அப்போதுதான் இறைச்சி முழுவதும் கல்லோடு ஒட்டும், ஈரம் சட்டென்று ஆவியாகும். ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் போய் 140 டிகிரி வாக்கில் வந்த பிறகுதான் பழுப்பு நிறமும் அந்த மணமும் வரும். இதை 1912-இல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதி வைத்தார், அதனால் மையார் வினை என்று பெயர்.

தம்பி, 8:51
அரை நிமிடம் தாண்டி அழுத்தினால் உருகிய கொழுப்பெல்லாம் வெளியே ஓடிவிடும். அந்தக் கடை அண்ணன் அதன் பிறகு தொடவே மாட்டார். விளிம்பு பழுப்பானதும் கூரான கரண்டியால் சுரண்டி ஒரே திருப்பு. அதன் மேல் பாலாடைக்கட்டி. அவ்வளவுதான்.

நான், 8:55
அந்த விளிம்புதான் பெரியம்மா எல்லாமே. ஓரத்தில் வலை மாதிரி மெல்லிசாக, கடித்தால் மொறுக்கென்று உடையும். பெட்டியில் போட்டு மூடினால் உள்ளே வரும் ஆவி மூடியில் பட்டு, நீராகி, அந்த மொறுமொறுப்பின் மேலேயே சொட்டுகிறது. வீடு வருவதற்கு 25 நிமிடம். எவ்வளவு வேகமாக வந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கல்லிலிருந்து எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் வாயில் இருக்க வேண்டும்.

பெரியம்மா, 9:02
என் முழங்காலை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்பது? என்னால் உங்கள் எல்லோருக்கும் தாமதம். நீங்கள் போய்வாருங்கள்.

மாமா, 9:10
அக்கா, நீங்கள் நிற்க வேண்டாம். என்னிடம் மடக்கு நாற்காலி இருக்கிறது. நான் எடுத்து வருகிறேன்.

வெள்ளிக்கிழமை

மாமா, காலை 6:40
அனைவருக்கும் காலை வணக்கம். நேற்று இரவு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அக்காவுக்காகச் சொல்கிறேன்.

மாமா, 6:47
பர்கர் பிறந்ததே சந்தைத் திடலில்தான் என்று அமெரிக்காவில் ஒன்றுக்கு இரண்டு ஊர்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. விஸ்கான்சின் மாநிலத்தில் செய்மூர் என்று ஓர் ஊர். 1885-இல் அங்கு நடந்த கண்காட்சியில் சார்லி நாக்ரீன் என்ற 15 வயதுப் பையன் இறைச்சி உருண்டை விற்றானாம். நடந்துகொண்டே சாப்பிட முடியவில்லை என்று ஆட்கள் வாங்காமல் போக, உருண்டையைத் தட்டையாக அழுத்தி இரண்டு ரொட்டிக்கு நடுவே வைத்துக் கொடுத்தான் என்பது அந்த ஊரின் கதை. நியூயார்க் மாநிலத்தில் ஹாம்பர்க் என்ற ஊரும் அதே 1885-ஐச் சொல்கிறது. அங்கே மென்ச்சஸ் சகோதரர்கள், அதுவும் கண்காட்சிக் கடைதான். நியூ ஹேவனில் லூயிஸ் லாசன் 1900-இல் செய்தார் என்பது மூன்றாவது கட்சி.

மாமா, 6:50
யார் முதல் என்று தீர்க்க நான் வரவில்லை. எந்தக் கதையை எடுத்தாலும், கடைக்கு முன்னால் கையில் வாங்கி உடனே சாப்பிடத்தான் இது வந்திருக்கிறது. வீட்டுக்குக் கட்டிக் கொடுக்க வந்ததில்லை. அதனால் அக்கா வருகிறார்.

அம்மா, 7:15
வரலாறு இருக்கட்டும் தம்பி. கூடாரம் போட்டு நடத்தும் கடையில் சுத்தம் எப்படி? கொத்திய இறைச்சி என்றாலே எனக்குப் பயம்.

அத்தை, 7:32
அண்ணி கேட்பது சரிதான். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் போய்விடும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளேயும் கலந்துவிடும். அதனால் மாட்டிறைச்சியாக இருந்தால் நடுவில் 71 டிகிரி, கோழியாக இருந்தால் 74 டிகிரி வரை வேக வேண்டும். இது மெல்லிசாக அழுத்துவதால் சீக்கிரமே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். பச்சை இறைச்சியை 4 டிகிரிக்குள் குளிரில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அம்மா, 7:35
நானே வந்து பார்க்கிறேன்.

நான், 7:35
அம்மாவும் வருகிறார்!

அத்தை, 7:40
எனக்கு இறைச்சி வேண்டாம், உங்களுக்குத் தெரியுமே. காளான் இருந்தால் சாப்பிடுகிறேன், ஆனால் அதே கல்லில் போட்டால் வேண்டாம். நேற்றே கடைக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று பதில் வந்தது.

அக்கா, 8:20
குட்டிக்கு எள் ஆகாது. பன் மேல் எள் இல்லை என்றாலும் பன் மாவில் இருக்கலாம், சாஸிலும் இருக்கலாம். நான் சீக்கிரம் போய், கூட்டம் சேரும் முன் அவர்களிடம் நேரில் பேசிவிடுகிறேன். பன் பொட்டலத்தின் அட்டையை வாசிக்காமல் கொடுக்க மாட்டேன். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசி என் பையில் இருக்கும், எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அத்தான், 12:55
வரிசைக் கணக்கு சொல்கிறேன். போன வாரம் நின்றபோது கவனித்தேன். கல்லில் ஒரே நேரத்தில் 12 கறிவட்டம். ஒரு பர்கருக்கு இரண்டு என்றால் ஒரு சுற்றுக்கு 6 பர்கர். சுட்டு, எடுத்து, கல்லைச் சுரண்டித் துடைத்து அடுத்தது போடுவதற்கு 4 நிமிடம். முன்னால் 30 பேர், ஆளுக்கு இரண்டு வாங்கினால் 60 பர்கர், 10 சுற்று, 40 நிமிடம். அதே 10:40-க்கே போய் ஐந்து பேருக்குப் பின்னால் நின்றால், கடை திறந்து 8 நிமிடத்தில் நம் முறை.

அத்தான், 12:57
ஒருவர் நின்றால் போதும், நான் நிற்கிறேன். மற்றவர்கள் மர நிழலில் இருங்கள். முறை வரும்போது அழைக்கிறேன்.

நான், 1:05
அத்தான், ஒன்று மட்டும். நம் பத்துப் பர்கரையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டாம். மொத்தமும் தயாராகும் வரை முதலில் வந்தது ஆறிக்கொண்டிருக்கும். முதல் சுற்றில் குட்டி, பெரியம்மா, அம்மா, மாமா, அத்தை. அவர்கள் சாப்பிடத் தொடங்கியதும் நமக்கு.

தம்பி, 1:06
எனக்கு இரண்டு.

அத்தான், 1:06
எழுதிவிட்டேன்.

பெரியம்மா, 9:48
இவ்வளவு பேர் இவ்வளவு யோசிக்கிறீர்கள். சரி, வருகிறேன். எந்தச் செருப்பு போடட்டும்? தரை மேடு பள்ளமா?

நான், 9:49
புல்தரை பெரியம்மா. பட்டை வைத்த செருப்பு போடுங்கள். என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை

அத்தான், காலை 10:38
வந்துவிட்டேன். முன்னால் ஏழு பேர்.

அக்கா, 10:44
பேசிவிட்டேன். பன்னில் எள் இல்லை, அட்டையை வாசித்தேன். வெள்ளை சாஸில் எள் விழுது இருக்கிறது என்று நான் கேட்கும் முன்பே அவரே சொன்னார். குட்டிக்குச் சாஸ் இல்லாமல், புதுக் கையுறை மாட்டி, துடைத்த கல்லில் முதல் ஆளாகப் போட்டுத் தருகிறாராம். "தெரியாமல் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்" என்றார். மனம் நிம்மதியாகிவிட்டது.

மாமா, 10:52
வண்டியை நிறுத்திவிட்டோம். நாற்காலி வந்துகொண்டிருக்கிறது. அக்காவும்.

அம்மா, 11:03
பக்கத்தில் நின்று பார்த்தேன். பணம் வாங்குபவர் வேறு, கல்லில் நிற்பவர் வேறு. பச்சை இறைச்சி எடுக்கும் கரண்டி வெந்ததைத் தொடவில்லை. குளிர்பெட்டிக்குள் வெப்பமானி தொங்குகிறது, 3 டிகிரி. எனக்குத் திருப்தி.

அத்தை, 11:06
உப்பு எப்போது போடுகிறார் என்று பாருங்கள். உருண்டையில் கலக்கவில்லை. கல்லில் அழுத்திய பிறகு மேலே தூவுகிறார். முன்பே கலந்து பிசைந்தால் இறைச்சியின் புரதம் கரைந்து ஒட்டிக்கொண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். இந்தப் பிள்ளைக்கு வேலை தெரிகிறது.

அத்தான், 11:09
அடுத்து நாம். பெரியம்மாவை அழைத்து வாருங்கள்!

தம்பி, 11:10
நாற்காலியோடு வருகிறோம்.

நான், 11:11
(படம்)

நான், 11:11
குட்டியின் முதல் கடி.

மாமா, 11:14
(படம்)

மாமா, 11:14
அக்கா.

தம்பி, 11:31
யாரும் எதுவும் எழுதவில்லையே?

அக்கா, 11:33
எல்லோரும் ஒரே மரத்தடியில்தான் இருக்கிறோம். கையெல்லாம் எண்ணெய்.

அத்தான், 12:20
பலகை வைத்துவிட்டார்கள், தீர்ந்துவிட்டது. வரிசையில் இன்னும் பத்து இருபது பேர் நிற்கிறார்கள், பாவம். குளிர்பெட்டி கொள்ளும் அளவுக்குத்தான் கொண்டு வருகிறார்களாம். மிச்சத்தை அடுத்த நாளுக்கு வைப்பதில்லை.

பெரியம்மா, பிற்பகல் 3:40
வீட்டுக்கு வந்து கொஞ்சம் படுத்து எழுந்தேன். இப்போதுதான் கண்ணாடி கிடைத்தது, எழுதுகிறேன்.

பெரியம்மா, 3:46
கல்லில் வைத்ததும் ஒரு சத்தம் கேட்டதே, அதற்கே வந்தது தகும். அந்தப் பையன் என்னைப் பார்த்து, "அம்மா, காகிதத்தைப் பிரித்ததும் சாப்பிட்டுவிடுங்கள், காத்திருக்காதீர்கள்" என்றான். ஓரம் நீ சொன்னபடி மொறுமொறுவென்று உடைந்தது. நடுவில் மெத்தென்று இருந்தது. பன்னை வெண்ணெயில் வாட்டியிருந்ததால் கடைசிக் கடி வரை ஊறவில்லை. இத்தனை நாள் இது வெறும் ரொட்டியும் கறியும் என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மா, 3:48
போன வாரத்தது நன்றாக இல்லைதான். இன்று சொல்கிறேன்.

நான், 3:49
❤️

அம்மா, 3:55
முழங்கால் எப்படி இருக்கிறது அக்கா?

பெரியம்மா, 3:57
வலிக்கவில்லை. உட்கார்ந்துதானே இருந்தேன். வரிசையில் நின்ற இரண்டு பேரோடு பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை.

மாமா, 4:10
நாற்காலி என் வண்டியிலேயே இருக்கிறது அக்கா. மாலை இறக்கி மாடியில் வைத்துவிடவா?

பெரியம்மா, 4:11
வண்டியிலேயே இருக்கட்டும்.